நிலாவில் உச்சிவெயில்: நீலகிரியிலிருந்து பௌர்ணமியைப் படமெடுப்பது எப்படி?

பௌர்ணமி நிலாவைத் தொலைநோக்கி வழியாகப் படமெடுக்கத் தொடங்குகிற பெரும்பாலோருக்கு முதல் படம் ஒரே மாதிரிதான் வருகிறது. கறுப்பு வானத்தில் ஒரு வெள்ளை அப்பளம். முயலும் இல்லை, வடை சுடும் பாட்டியும் இல்லை. கோத்தகிரியில் எங்கள் வீட்டு முற்றத்தில் நான் எடுத்த முதல் படமும் அப்படித்தான் வந்தது. நாம் இருட்டில் நிற்கிறோம். அதனால் இரவைப் படமெடுக்கிறோம் என்று நாமும் நினைக்கிறோம், கேமராவும் அப்படியே எடுத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது.

ஆனால் பௌர்ணமியன்று நம் கண்ணில் படும் நிலாப் பரப்பின் நடுவில் அப்போது உச்சிவெயில் அடிக்கிறது. நமக்கு வெயில் தரும் அதே சூரியன்தான், ஏறக்குறைய அதே தூரத்தில் இருந்து. நிலாவின் மண்ணும் உண்மையில் வெள்ளை இல்லை. தன்மேல் விழும் ஒளியில் சுமார் 12 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. பழைய தார்ச்சாலையின் நிறம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே நண்பகலில் குன்னூர் சாலையைப் படமெடுக்கக் கேமராவில் என்ன அளவு வைப்பீர்களோ, ஏறக்குறைய அதே அளவுதான் பௌர்ணமி நிலாவுக்கும். இது இரவில் எடுக்கும் பகல் படம். இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் கீழே சொல்லப்போகும் பாதி விஷயங்கள் தாமாகவே புரியும்.

பௌர்ணமி நிலா தட்டையாக இருக்கும், அதைப் படமெடுப்பதில் பயனில்லை என்று சிலர் சொல்வார்கள். தட்டையாக இருப்பது உண்மைதான். காலை 7 மணி வெயிலில் தேயிலைத் தோட்டத்தைப் பாருங்கள், ஒவ்வொரு வரிசையும் நிழலோடு எழுந்து நிற்கும். 12 மணிக்கு அதே சரிவு பச்சைப் பாய் விரித்தாற்போல் ஆகிவிடும். நிலாவிலும் அதே கதைதான். பள்ளங்களின் ஆழத்தைக் காட்டும் நிழல் பௌர்ணமியில் இருக்காது. ஆனால் அன்றைக்கு மட்டும் நன்றாகத் தெரிகிற வேறு விஷயங்கள் உண்டு: பள்ளங்களிலிருந்து நாலாபக்கமும் சிதறிய வெள்ளைக் கதிர்கள், சமவெளிகளின் நிற வேறுபாடு. அவற்றுக்காகவே நான் பௌர்ணமியை விடுவதில்லை.

எந்த மாதம், எந்த நேரம்

நீலகிரியில் இதுதான் முதல் கேள்வி. ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் வானமே தெரியாது. அது ஓய்ந்ததும் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளைப் பிடித்துக்கொள்ளும். கார்த்திகைத் தீபத்தன்று நிலாவைப் பிடிக்கலாம் என்று ஆசைப்பட்டு மூடுபனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வருடங்கள் எனக்கு உண்டு. நம்பி இறங்கவேண்டிய பௌர்ணமிகள் தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம். டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை இரவு வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும்.

மலைக்கு இன்னொரு வசதியும் உண்டு. உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்தில் இருப்பவர்களோடு ஒப்பிட்டால் நம் தலைக்கு மேல் இருக்கும் காற்று ஏறக்குறைய முக்கால் பங்குதான். தூசியும் குறைவு.

பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி நிலா எழும். அடுத்தடுத்த நாட்களில் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளித் தள்ளி வரும். மலைமுகட்டின் மேல் எழும்போது அழகுதான், ஆனால் அப்போது நிறையக் காற்றைக் கடந்து ஒளி வருவதால் விளிம்பு கொதிக்கும் பால்போல் நெளியும். நள்ளிரவில் இன்னொரு சிக்கல். நாம் இருப்பது 11 பாகை அட்சத்துக்குச் சற்று மேலே. மக நட்சத்திரம் வானத்தின் நடுக்கோட்டுக்கு 12 பாகை வடக்கே இருக்கிறது. அதனால் மாசி மகத்து நிலா நள்ளிரவு வாக்கில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலேயே வந்து நிற்கும். செங்குத்தாக நிமிர்த்திய தொலைநோக்கியில் கேமரா ஸ்டாண்டின் காலில் இடிக்கும், குனிந்து பார்க்கவும் முடியாது. இரவு எட்டரையிலிருந்து பத்தரைக்குள் எடுத்துவிடுங்கள். நிலா போதுமான உயரத்துக்கு வந்திருக்கும், கழுத்தும் வலிக்காது.

சரியாகப் பௌர்ணமியன்று மழை வந்தால் வருத்தப்படவேண்டாம். முந்தின நாளோ மறுநாளோ எடுத்தால் ஒரு விளிம்பில் மட்டும் மெல்லிய நிழல் விழுந்து, அந்த ஓரத்துப் பள்ளங்கள் புடைத்துத் தெரியும். என்னைக் கேட்டால் அதுதான் இன்னும் நல்ல படம்.

எங்கே நிற்பது

நட்சத்திரக் கூட்டங்களைப் படமெடுக்க இருண்ட வானம் வேண்டும். நிலாவுக்கு வேண்டாம். தெருவிளக்குக்குப் பத்தடி தள்ளி நின்றே நல்ல படம் எடுக்கலாம், விளக்கு நேராகக் குழாய்க்குள் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். இரவில் வியூபாயின்ட் தேடிக் காட்டுப்பக்கம் போகவே போகாதீர்கள். தேயிலைத் தோட்டத்துக்குள் காட்டுமாடு நிற்கும், கோத்தகிரிப் பக்கம் கரடியும் சிறுத்தையும் ஊருக்குள்ளேயே வருகின்றன. தொலைநோக்கியில் கண்ணை வைத்திருப்பவருக்குப் பின்னால் என்ன வருகிறதென்று தெரியாது. வீட்டு முற்றமே போதும். கூட ஒருவரையும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

முற்றத்தில் எந்த இடம் என்பதுதான் முக்கியம். பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் மாடியும் தகரக் கூரையும் இரவில் சூட்டை வெளியே விடும். அந்தச் சூடான காற்றின் வழியே பார்த்தால் நிலா தண்ணீருக்குள் கிடப்பதுபோல் ஆடும். அடுத்த வீட்டுச் சமையலறைப் புகைக்கூண்டுக்கு மேலே நிலா வரும்படியும் நிற்காதீர்கள். புல்தரை சிறந்தது. மாடியில் வைத்தால் யாராவது நடந்தாலே படம் அதிரும். அப்புறம், பள்ளத்தாக்கின் அடியில் குளிர்காற்று வந்து தேங்கும். தலைக்குந்தாவில் உறைபனி அதிகம் விழுவதும் அந்தத் தாழ்வினால்தான். வாய்ப்பிருந்தால் சரிவில் கொஞ்சம் மேலே நில்லுங்கள்.

தொலைநோக்கியை, படம் எடுக்க நினைக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியில் வைத்துவிடவேண்டும். வீட்டுக்குள் இருந்த கதகதப்பு குழாயையும் கண்ணாடியையும் விட்டுப் போகும்வரை உள்ளேயே காற்று சுழன்றுகொண்டிருக்கும். மலையில் மாலை மங்கியதும் வெப்பம் மளமளவென்று இறங்குவதால் சமவெளியைவிட இங்கே இதற்கு அதிக நேரம் பிடிக்கும். அதுவரை உள்ளே போய் ஒரு கடுங்காப்பி குடிக்கலாம்.

கையில் இருக்கும் தொலைநோக்கி

புதிதாக வாங்கவேண்டும் என்பதில்லை. முகப்பு 70 மில்லிமீட்டர் அகலமுள்ள லென்ஸ் தொலைநோக்கியிலேயே கதிர்கள் தெளிவாக வரும். 130 மில்லிமீட்டர் கண்ணாடித் தொலைநோக்கி, அதாவது லென்ஸுக்குப் பதில் குழிக் கண்ணாடியால் ஒளியைக் குவிப்பது, இருந்தால் மிக நல்லது. ஒரு கணக்கு மட்டும் தெரிந்திருக்கவேண்டும்: தொலைநோக்கியின் குவியத் தூரத்தை (லென்ஸிலிருந்தோ கண்ணாடியிலிருந்தோ ஒளி குவியும் இடம்வரை உள்ள தூரம்) 110ஆல் வகுத்தால் கேமராவுக்குள் படம் பதியும் சென்சார்மீது நிலா எத்தனை மில்லிமீட்டர் அகலத்தில் விழும் என்று வரும். 1,000 மில்லிமீட்டர் என்றால் 9 மில்லிமீட்டர் நிலா. சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமராவின் சென்சார் உயரம் சுமார் 15 மில்லிமீட்டர். எனவே 1,500 வரை முழு நிலாவும் அடங்கும். அதற்கு மேல் போனால் இரண்டு மூன்று துண்டாக எடுத்து ஒட்டவேண்டும்.

கண்ணாடித் தொலைநோக்கியைச் சமவெளியிலிருந்து மலைக்குக் கொண்டுவந்தவர்கள் ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள். கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஆடி வந்த கண்ணாடி நேராக இருக்குமென்று நம்பமுடியாது. ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை வைத்து ஃபோகஸை வேண்டுமென்றே கொஞ்சம் கலையுங்கள். வெளிச்ச வட்டத்துக்குள் இருக்கும் கறுப்பு வட்டம் நட்டநடுவில் இருந்தால் சரி. ஒதுங்கியிருந்தால் பின்பக்கத் திருகுகளைச் சிறிது சிறிதாகத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

கைபேசியில் எடுப்பது

பெரும்பாலோர் இங்கிருந்துதான் தொடங்குவார்கள், தொடங்கவும் வேண்டும். நாம் கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸான ஐபீஸின் மேல் கைபேசியைப் பிடிக்கும் ஒரு கிளாம்ப் கிடைக்கிறது, அது கட்டாயம். கையால் பிடித்து எடுக்க முயன்றால் குளிரில் நடுங்கும் விரல்களோடு ஒரு மணி நேரம் வீணாகும். 20 அல்லது 25 மில்லிமீட்டர் ஐபீஸைப் போடுங்கள். மில்லிமீட்டர் எண் சிறிய ஐபீஸ் பெரிதாகக் காட்டும், ஆனால் படம் மங்கும். கைபேசியின் பிரதான லென்ஸ் ஐபீஸின் நடுவுக்கு நேராக வரவேண்டும். சில கைபேசிகள் அருகில் ஏதோ இருக்கிறதென்று எண்ணி வேறு லென்ஸுக்குத் தாவிவிடும், அந்த மேக்ரோ வசதியை அணைத்துவிடுங்கள்.

அடுத்து, நைட் மோடைத் தொடாதீர்கள். முன்னே சொன்னதுதான், இது பகல் படம். அளவுகளை நாமே வைக்கும் புரோ மோட் இருந்தால் ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறன்) 50 அல்லது 100, ஷட்டர் (ஒளி விழும் நேரம்) 1/125 விநாடி என்று தொடங்கி, வெளுத்தால் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். புரோ மோட் இல்லையென்றால் திரையில் நிலாமேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, பக்கத்தில் வரும் சூரியன் குறியைக் கீழே இழுங்கள். முயல் தெரியும்வரை இழுக்கவேண்டும். காட்சியைத் தானே அழகுபடுத்தும் வசதியையும் அணைத்துவிடுங்கள். சில கைபேசிகள் நிலா என்று கண்டுகொண்டு, தாமே விவரங்களைச் சேர்த்துத் தருகின்றன. பார்க்க நன்றாக இருக்கலாம், ஆனால் உங்கள் தொலைநோக்கி பார்த்தது அதுவல்ல. குளிரில் நின்று எடுப்பது நம் நிலாவாக இருக்கட்டும்.

கேமராவில் எடுப்பது

கேமராவின் லென்ஸைக் கழற்றிவிட்டு, டி-ரிங் என்ற வளையத்தையும் ஐபீஸ் துளைக்குள் நுழையும் ஒரு குழலையும் மாட்டி, தொலைநோக்கியையே லென்ஸாக்குவது இந்த முறை. உங்கள் கேமரா நிறுவனத்துக்குப் பொருந்தும் டி-ரிங்கைக் கேட்டு வாங்குங்கள், ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றுக்குச் சேராது.

கண்ணாடித் தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் இங்கே ஒரு முட்டுக்கட்டையைச் சந்திப்பார்கள். ஃபோகஸ் குழாயை முழுக்க உள்ளே தள்ளியும் நிலா தெளியாது. கருவி கெட்டுப்போகவில்லை. படம் விழும் இடம் கேமராவின் சென்சாரை எட்டவில்லை, அவ்வளவுதான். இடையில் குவியத் தூரத்தைக் கூட்டும் ஒரு 2 மடங்கு பார்லோ லென்ஸைப் போட்டால் தீர்ந்துவிடும். 650 மில்லிமீட்டர் குவியத் தூரம் 1,300 ஆகும். நிலா ஏறக்குறைய 12 மில்லிமீட்டரில் சட்டத்துக்குள் அழகாக உட்காரும். இந்த ஒரு தகவல் தெரியாமல் தொலைநோக்கியை விற்றுவிட்டவர்களை நான் அறிவேன்.

இனி அளவுகள். குவியத் தூரத்தை முகப்பு விட்டத்தால் வகுத்தால் எஃப் எண் வரும். மேலே சொன்ன 130 மில்லிமீட்டர் தொலைநோக்கிக்குப் பார்லோவோடு எஃப் 10. புகைப்படக்காரர்களிடம் ஒரு பழைய விதி உண்டு: எஃப் 11, ஐஎஸ்ஓ 100 என்றால் நிலாவுக்கு ஷட்டர் 1/100. அதைப் பிடித்துக்கொண்டு எஃப் 10க்கு 1/125, பார்லோ இல்லாத எஃப் 5க்கு 1/500, நீளமான எஃப் 14 தொலைநோக்கிக்கு 1/60 என்று தொடங்குங்கள். கேமராவை முழு மேனுவலில் வையுங்கள், கேமரா எதையும் மாற்றாத மூலக் கோப்பான ரா ஃபைலாகச் சேமியுங்கள், வெள்ளைச் சமநிலையைச் சூரியன் குறியில் வையுங்கள்.

பாதி நிலாவை எடுத்துப் பழகியவர்கள் கவனிக்கவேண்டும். பௌர்ணமி என்பது இரண்டு பாதி நிலாக்களின் வெளிச்சம் அல்ல, அதைப்போல் ஏறக்குறைய 10 மடங்கு. நிழலே இல்லாததும், நிலாவின் தூள்மண் ஒளியை வந்த வழியே திருப்பியனுப்பும் தன்மையும்தான் காரணம். பழைய அளவுகளை அப்படியே போட்டால் அப்பளம்தான் வரும். எடுத்ததும் படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள். வலது ஓரத்தை அது தொடக்கூடாது. மிகவும் வெளிச்சமான இடம் அரிஸ்டார்கஸ் என்ற பள்ளம், அங்கே வெளுக்காமல் இருந்தால் எங்கும் வெளுக்காது. கொஞ்சம் இருட்டாக வந்தாலும் பாதகமில்லை, பின்னால் தூக்கிவிடலாம். வெளுத்துப்போனதை மீட்க முடியாது.

ஃபோகஸும் நடுக்கமும்

நல்ல படத்துக்கும் சுமாரான படத்துக்கும் வித்தியாசம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அவசரப்படவேண்டாம். லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி, நிலாவின் விளிம்பிலோ கதிர்கள் கிளம்பும் டைக்கோ பள்ளத்திலோ வைத்து ஃபோகஸ் செய்யுங்கள். ஃபோகஸ் குமிழைத் தொட்டாலே எல்லாம் ஆடும். அதற்கு வீட்டிலேயே மருந்து இருக்கிறது: துணி காயப்போடும் கிளிப் ஒன்றை அந்தக் குமிழில் கவ்வவிடுங்கள். கிளிப்பின் நுனியை விரலால் லேசாகத் தள்ளினால் குமிழ் மயிரிழை அளவுக்குத் திரும்பும், ஆட்டமும் குறையும். தெளிவான இடத்தைக் கடந்து போய், திரும்பி வந்து, இரண்டு பக்கமும் மங்குவதைப் பார்த்த பிறகே நடுவில் நிறுத்துங்கள். குளிர் இறங்க இறங்க குழாய் சுருங்கும், ஃபோகஸும் நகரும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை சரிபாருங்கள்.

ஷட்டரைக் கையால் அழுத்தாமல் டைமரில் விடுங்கள். 2 விநாடி போதாது, சின்ன ஸ்டாண்ட் என்றால் 10 விநாடி வையுங்கள். டிஎஸ்எல்ஆரில் கண்ணாடி எழும் அதிர்வைத் தவிர்க்க மிரர் லாக் இருக்கும். ஸ்டாண்டின் கால்களை முழு நீளத்துக்கு இழுக்காதீர்கள். நடுவில் ஒரு பையில் கற்களைப் போட்டுத் தொங்கவிட்டால் காற்றில் ஆடாது. கேமராவின் கனத்தில் குழாய் பின்பக்கம் சாயும் என்பதையும் முன்கூட்டியே எதிர்பாருங்கள், முதல்முறை மாட்டும்போது ஒரு கை குழாயில் இருக்கட்டும்.

மோட்டார் வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். பூமி சுழல்வதால் நிலா தன் அகல அளவுக்கு நகர சுமார் 2 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. 1/125 விநாடியில் அந்த நகர்வு படத்தில் தெரியவே தெரியாது. இதைச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். நிலா நகரும் திசைக்குக் கொஞ்சம் முன்னால் தொலைநோக்கியைத் திருப்பிவிட்டுக் கையை எடுங்கள். ஆட்டம் அடங்குவதற்குள் நிலா தானாகவே மிதந்து சட்டத்தின் நடுவுக்கு வரும். அப்போது எடுங்கள்.

துருவத்தை நோக்கிச் சாய்த்துவைக்கும் ஈக்குவட்டோரியல் ஸ்டாண்ட் வைத்திருந்தால், அதன் அச்சு நம் ஊரில் 11 பாகையளவுக்குத்தான் நிமிரவேண்டும், கிட்டத்தட்டப் படுத்த நிலை. எடைக்கம்பி ஸ்டாண்ட் காலில் இடிக்கலாம். துருவ நட்சத்திரமோ மலைக்குப் பின்னால் மறைந்திருக்கும். நிலாவுக்கு அவ்வளவு துல்லியம் தேவையில்லை, திசைகாட்டியில் வடக்கைப் பார்த்து வைத்தால் போதும். இந்தச் சாய்வு ஏன் என்று புரியவில்லையென்றால் உதகைக்குப் பக்கத்திலுள்ள முத்தோரைக்கு ஒரு பகலில் போய்ப் பாருங்கள். 1970இல் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டிமுடிக்கப்பட்ட ரேடியோ தொலைநோக்கி மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. வடக்கு தெற்காக 11 பாகை சாய்ந்த சரிவைத் தேடிப் பிடித்து அதன்மேல் கட்டியதால், அதன் நீள அச்சே பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் திருப்பினால் வானத்தைத் தொடரலாம். அதன் தொடக்ககால வேலையே நிலாவை வைத்துத்தான்: தொலைதூர ரேடியோ மூலங்களை நிலா மறைக்கும் கணத்தை அளந்து அவற்றின் அளவைக் கண்டுபிடித்தார்கள். நம் மலைக்கும் நிலாவுக்கும் அப்படி ஒரு உறவு இருப்பது எனக்குப் பெருமை.

ஒன்று போதாது, நூறு எடுங்கள்

காற்று எவ்வளவு அமைதியாக இருந்தாலும் சில கணங்களில் நெளியும், சில கணங்களில் சட்டென்று தெளியும். எது தெளிந்த கணம் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் ஒரே அளவில் 50 முதல் 100 படம்வரை வரிசையாக எடுங்கள். கைபேசியென்றால் ஒரு நிமிட வீடியோ எடுங்கள். கணினியில் ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அது எல்லாப் படங்களையும் தரம் பிரித்து, நல்லவற்றை மட்டும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்தித் தரும். மேல் 25 சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ரா ஃபைல்களை அது நேராகப் படிக்காவிட்டால் முதலில் டிஃப் ஆக மாற்றிக்கொள்ளவேண்டும்.

பொருத்தி வந்த படம் முதலில் மங்கலாகத்தான் இருக்கும், ஏமாற்றமாகவும் இருக்கும். அதில் புள்ளிகளின் இரைச்சல் குறைந்திருப்பதால் இப்போது கூர்மையைக் கூட்டலாம். அதற்கு ரெஜிஸ்டாக்ஸ் அல்லது கிம்ப் மென்பொருள் போதும். எவ்வளவு கூட்டுவது? விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு ஒன்று தோன்றினால் அளவு மீறிவிட்டது, திரும்பி வாருங்கள்.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. வண்ணச் செறிவை ஒரே மூச்சில் ஏற்றாமல், சிறிது சிறிதாக நாலைந்து முறை ஏற்றுங்கள். சாம்பல் நிறமாகத் தெரிந்த நிலாவில் மெல்ல நிறம் பிரியும். அமைதிக் கடல் என்ற இருண்ட சமவெளி நீலம் பாய்ந்து வரும், அங்கே எரிமலைக் குழம்புப் பாறையில் டைட்டானியம் அதிகம். பக்கத்திலேயே இருக்கும் தெளிவுக் கடல் பழுப்பாக நிற்கும். இரண்டுக்கும் நடுவில் எல்லை போட்டாற்போல் தெரியும். இவை நாம் பூசிய நிறமல்ல, அங்கே இருக்கிற பாறையின் நிறம். நிழல் இல்லாத பௌர்ணமியில்தான் இது இவ்வளவு சுத்தமாக வரும். முதன்முறை என் அம்மாவிடம் காட்டியபோது திரையைத் தொட்டுப் பார்த்தார்.

படத்தில் என்ன இருக்கிறது

முயலிலிருந்து தொடங்குங்கள். அமைதிக் கடல் அதன் தலை, அதையொட்டிய வளமைக் கடலும் தேன் கடலும் இரண்டு காதுகள். நம் ஊரில் நிலா எழும்போது முயல் காதைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்திருக்கும், மறையும்போது தலைகீழாகிவிடும். அதனால் உங்கள் படமும் புத்தகத்து நிலா வரைபடமும் ஒத்துப்போகாவிட்டால் குழம்பவேண்டாம், படத்தைச் சுழற்றினால் சேரும். கேமராவை நேராக மாட்டி எடுத்தால் படம் வெறுமனே சுழன்றிருக்கும். ஐபீஸுக்கு முன்னால் ஒளியை மடக்கும் நட்சத்திரக் கோணக்கண்ணாடி வழியாக எடுத்திருந்தால் இடம் வலம் மாறியிருக்கும், அதைப் புரட்டவேண்டும்.

தெற்கே, பூசணிக்காயின் காம்புபோல் ஒரு புள்ளியிலிருந்து கோடுகள் எங்கும் ஓடுகின்றனவே, அதுதான் டைக்கோ. 85 கிலோமீட்டர் அகலமுள்ள பள்ளம், சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்த அடி. நிலாவின் வயதுக்கு அது நேற்று நடந்தது. அதனால்தான் கதிர்கள் இன்னும் வெளுப்பாக இருக்கின்றன. நடுவிலிருந்து சற்று ஒதுங்கி, இருண்ட சமவெளியில் தெறித்த சுண்ணாம்புபோல் இருப்பது கோப்பர்நிக்கஸ். டைக்கோவையும் தாண்டித் தென்விளிம்பு நோக்கிப் போனால், 69 பாகைத் தென் அட்சத்துப் பக்கம், 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான் 3 இறங்கிய பகுதி. அந்த இயந்திரம் எந்தத் தொலைநோக்கியிலும் நமக்குத் தெரியாது, ஆனால் அந்த நிலம் உங்கள் படத்தில் இருக்கும்.

பனியும் பூஞ்சையும்

படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே மாறுபாடு குறைந்து நிலாவைச் சுற்றிப் பால்போல் ஒளி பரவினால், முகப்பு லென்ஸில் பனி பூத்துவிட்டது. துணியால் துடைக்காதீர்கள், கீறும். ஹேர் டிரையரை மிதமான சூட்டில் தள்ளிப் பிடித்துக் காட்டுங்கள். யோகா பாயில் ஒரு துண்டு வெட்டி, குழாயின் முகப்பில் அதன் விட்டத்தைப்போல் இரண்டு மடங்கு நீளத்துக்குச் சுற்றிவிட்டால் பனி பிடிப்பது வெகுவாகக் குறையும். பேட்டரியும் குளிரில் சீக்கிரம் ஓய்ந்துவிடும். இரண்டாவது பேட்டரியை ஸ்வெட்டருக்குள் உடம்பின் சூட்டில் வைத்திருங்கள்.

முடித்ததும் கேமராவை அப்படியே வீட்டுக்குள் எடுத்துப்போகக்கூடாது. சில்லிட்ட கண்ணாடிமேல் அறையின் ஈரக்காற்று பட்டால் உள்ளேயும் வெளியேயும் வியர்க்கும். வெளியிலேயே பையில் போட்டு ஜிப்பை மூடி, உள்ளே கொண்டுபோய், காலைவரை திறக்காமல் விடுங்கள். மெமரி கார்டை மட்டும் முன்பே எடுத்துக்கொள்ளலாம். ஐபீஸ்களையும் பார்லோவையும் சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் மெல்லிய சூட்டில் வாட்டித் திரும்பப் போடுங்கள். ஒரு மழைக்காலம் முழுக்க மர அலமாரியில் வைத்திருந்த என் நல்ல ஐபீஸ் ஒன்றில் பூஞ்சை சிலந்திவலைபோல் படர்ந்து, சுத்தம் செய்த பிறகும் தழும்பு போகவில்லை. இந்த மலையில் குளிரைவிட ஈரம்தான் கண்ணாடிக்கு எதிரி.

காலையில் பையைத் திறக்கும்போது முற்றத்துப் புல் உறைபனியில் வெளுத்துக் கிடந்தால், இரவு முழுக்க மேகமில்லாமல் இருந்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அன்று இரவும் அப்படியே இருக்கும். பேட்டரிகளைச் சார்ஜில் போடுங்கள். நிலா நேற்றைவிட 50 நிமிடம் தாமதமாக வரும், ஒரு விளிம்பில் நிழல் தொடங்கியிருக்கும்.